பட்டறைத் திண்ணை: புல்வெட்டும் டெக்குக்குச் சக்கரம்

(வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் 30 வருடங்களுக்கு மேலாக லேத்தும் வெல்டிங்கும் வைத்திருப்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: காட்பாடி அருகே ஒரு கல்லூரியில் மைதானம் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் டிராக்டர் இருக்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில் பிளேடுகளோடு தொங்கும் தகரப்பெட்டியை, அதாவது டெக்கை, பிளேடு தீட்டவும் பெல்ட் மாற்றவும் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கிறது. கழற்றிய பிறகு 60 அடி தூரத்தில் இருக்கும் ஷெட்டுக்கு இரண்டு பேர் தூக்கிப் போகிறோம். வழி முழுக்க ஜல்லி. போன மாதம் என்னுடன் தூக்கியவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. தேங்காய் மண்டித் தராசில் வைத்துப் பார்த்தேன், 72 கிலோ. கடையில் விற்கும் சின்ன ரிவால்விங் சக்கரம் 4 வாங்கி டெக்கிலேயே வெல்டிங் வைத்துவிடலாமா?
— வாசகர், காட்பாடி

பதில்: வேண்டாம். ஆனால் எடை போட்டுவிட்டுக் கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களுக்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் "செம வெயிட்டு சார்" என்பார்கள். எத்தனை கிலோ என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவார்கள்.

முதலில் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். டெக்கின் தகடு மெல்லியது. ஓடும்போது பிளேடு சுற்றுகிற அதிர்வு முழுவதையும் அதுதான் வாங்குகிறது. அதில் சக்கரத்தை வெல்டிங் வைத்தால் ஆறே மாதத்தில் வெல்டிங் ஓரமாக மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஓடும். அப்புறம், டிராக்டருக்கு அடியில் இருக்கும் இடம் குறைவு. சக்கரம் வைத்த டெக் உள்ளே நுழையாது. மூன்றாவது விஷயம் யாரும் சொல்லித்தராதது. டெக்கில் பிளேடு தண்டுகளுக்கு பேரிங் இருக்கிறது. வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பை ஒரு மூலையில் மாட்டிவிட்டு இன்னொரு மூலையில் வெல்டிங் வைத்தால், கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி புள்ளியாகப் பொரித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓட்டும்போது "கர்ர்" என்று சத்தம் வரும். எப்போதாவது டெக்கில் ஒட்டு போட வேண்டி வந்தால், எர்த்தை ஒட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

இப்போது சின்னச் சக்கரம். எங்கள் அப்பா மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டவர். வட்டையை, அதாவது சக்கரத்தின் மர விளிம்பைச் சுற்றி வரும் இரும்பு வளையத்தை வறட்டி அடுக்கி மூட்டிய நெருப்பில் செவக்கக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கி வந்து மரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி, அச்சு நுழையும் நடுக்குடமும் ஆரக்காலும் வட்டையும் ஒரே பிடியாக இறுகும். அந்தப் புகையில் நின்றுதான் வேலை கற்றேன். 1980-களில் முதல்முறையாக நானே ஒரு தள்ளுவண்டி செய்து, 3 அங்குலச் சக்கரம் போட்டுப் பெருமையாகக் காட்டினேன். அப்பா வண்டியைப் பார்க்கவே இல்லை. வாசலில் இருந்த சரளையைக் காட்டி, "இன்னாடா, உன் வண்டி ஆகாசத்துலயா ஓடப்போவுது?" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. அரை அங்குலக் கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது என்று வையுங்கள். 3 அங்குல விட்டமுள்ள சக்கரத்தை அதன் மேல் ஏற்ற, அந்தச் சக்கரம் சுமக்கும் பாரத்தைவிடக் கொஞ்சம் அதிகமான விசையால் தள்ள வேண்டும். அதற்குத் தூக்கியே வைத்துவிடலாம். 8 அங்குலச் சக்கரம் என்றால் பாரத்தில் பாதிக்குச் சற்று மேல் போதும். உங்கள் ஜல்லிப் பாதையில் 60 அடிக்கு எத்தனை அரை அங்குலக் கல் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, உங்களுக்கு 4 சக்கரம் தேவையில்லை. 2 போதும், பெரிதாக இருக்க வேண்டும். டெக்கோடு ஒட்டாமல், வேண்டும்போது மாட்டிக் கழற்றுகிற கை வண்டியாக இருக்க வேண்டும். மண்வெட்டிக்குக் காம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். 40-க்கு 40, 5 மி.மீ. கனமுள்ள ஆங்கிள், மீட்டருக்கு 3 கிலோ வரும். முழு நீளம் 6 மீட்டர் ஒன்று வாங்கினால் 18 கிலோ. அதிலேயே ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும். 5½ அடி நீளத்தில் 2 கைகள். இவை டெக்கின் மேலாக, முன்னும் பின்னுமாகக் குறுக்கே போக வேண்டும். ஒரு பக்கம் டெக்கின் விளிம்பைத் தாண்டியதும் கை கீழ்நோக்கி மடங்கி இறங்கி அச்சைப் பிடிக்கும். எதிர்ப்பக்கம் கைப்பிடி. 2 கைகளையும் குறுக்கே 2 துண்டு போட்டு இணையுங்கள். டெக்கை எங்கே பிடிப்பது? டிராக்டரிலிருந்து டெக் எந்தக் காதுகளில் தொங்குகிறதோ, அதே காதுகளில். அதைச் செய்த கம்பெனிக்காரன் பாரம் தாங்கத்தான் அங்கே காது வைத்திருக்கிறான். கைகளிலிருந்து கொக்கி இறக்கி, அந்தக் காதுகளில் பின் போட்டு மாட்டுங்கள்.

அச்சிலிருந்து டெக்கின் எடை மையம் 22 அங்குலம், கைப்பிடி 66 அங்குலம் என்று வைத்தால், 72 கிலோவில் உங்கள் கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு, 24 கிலோ. ஒரு அரிசி மூட்டையைவிடக் குறைவு. அதையும் இடுப்பு வளைத்துத் தூக்குவதில்லை, நிமிர்ந்து பிடித்து நடக்கிறீர்கள். வண்டியின் சொந்த எடையில் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. கைப்பிடியை 20 அங்குலம் உயர்த்தினால் டெக்கின் தூர விளிம்பு ஏறக்குறைய ஒரு அடி எழும்பும். ஆனால் அச்சுக்குப் பக்கத்து விளிம்பு ஒன்றரை அங்குலம்தான் எழும்பும், ஜல்லியில் இடிக்கும். அதனால் கொக்கி மாட்டுமுன் அந்தப் பக்கத்து விளிம்புக்கு அடியில் ஒரு ரீப்பர் கட்டையைச் செருகி உயர்த்திவிட்டு, இறுக்கமாக மாட்டுங்கள். மாட்டியதும் கட்டையை உருவிவிடலாம். இதைச் செய்யாமல் "வண்டி தரையில் உரசுது" என்று என்னிடம் வராதீர்கள்.

சரி, சக்கரம். வாங்கலாம், செய்யவும் செய்யலாம். செய்வதுதான் எனக்குப் பிடிக்கும். காயலான் கடையில் 8 அங்குல இரும்புக் குழாய்த் துண்டு கிடைக்கும். வெளிவிட்டம் 219 மி.மீ. அதில் இரண்டரை அங்குல அகலத்துக்கு வளையமாக 2 துண்டு அறுக்கச் சொல்லுங்கள். நடுவில் 5 மி.மீ. தகட்டில் வட்டம் வெட்டி வைத்து, அதன் மையத்தில் குடம் மாதிரி ஒரு கனமான குழாய். உள்ளே 6204 பேரிங் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, சக்கரத்துக்கு 2. அந்த பேரிங்கின் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47. அச்சுக்கு 20 மி.மீ. பிரைட் பார், அதாவது வழவழப்பான உருட்டுக் கம்பி. முடிந்தால் ஒரு சக்கரம் 4 கிலோ இருக்கும்.

இதில் புதுப் பையன்கள் செய்யும் தப்பு ஒன்று. குடத்தை முதலிலேயே 47-க்கு அழகாகக் கடைந்துவிட்டு, பிறகு தகட்டோடு வெல்டிங் வைப்பார்கள். வெல்டிங் சூட்டில் குடம் சுருங்கிக் கோணிவிடும். பேரிங் இறங்காது. சுத்தியலால் அடிப்பார்கள். பேரிங் அன்றைக்கே செத்தது. முதலில் எல்லா வெல்டிங்கையும் முடியுங்கள், ஆறவிடுங்கள், அதன் பிறகு முழுச் சக்கரத்தையும் லேத்தில் பிடித்துக் குடத்தைக் கடையுங்கள். சக்கரமும் ஆடாமல் ஓடும்.

வெறும் இரும்பாக விட்டால் ஷெட்டின் சிமெண்ட் தரையைப் பெயர்க்கும், சத்தத்தில் விடுதிப் பிள்ளைகள் எழுந்துவந்து சண்டை பிடிப்பார்கள். பழைய லாரி டயரின் மேல்பட்டையை வெட்டிச் சுற்றி, தலை உள்ளே அமுங்கும் போல்ட்டால் பிடியுங்கள். நைலான் டயராகப் பார்த்து வாங்குங்கள். கம்பி வைத்த ரேடியல் டயரை வெட்டினால் ஓரத்தில் ஊசி ஊசியாகக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். என் வலது உள்ளங்கையில் அப்படி ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

ஷெட்டில் இடம் குறைவு என்றால், கைப்பிடியை மேலே தூக்கிச் சுவரில் சாய்த்து டெக்கைச் செங்குத்தாகவே நிறுத்திவிடலாம். பிளேடு பக்கம் கண்ணுக்கு எதிரே வரும். ஒட்டிய புல்லை மரச்சீவலால் சுரண்ட இதைவிட வசதி கிடையாது. ஈரப்புல்லை அப்படியே விட்டால் தகட்டை அது தின்றுவிடும். ஆனால் 2 விஷயம். உங்கள் டெக் பெல்ட்டில் ஓடுவது என்பதால் சரி. கியர்பெட்டி வைத்துத் தண்டால் ஓடும் டெக்காக இருந்தால், சாய்த்து வைக்கும்போது காற்றுத் துளை வழியாக ஆயில் ஒழுகும், அதைப் படுக்கையாகத்தான் வைக்க வேண்டும். இன்னொன்று, சுவரில் வளையம் அடித்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். 72 கிலோ தகடு சாயும்போது யாரும் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் பிளக் வயரையும் பிடுங்கிவிடுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: குடியாத்தம் பக்கம் கிராமம். வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை செய்கிறார், மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவார். தென்னந்தோப்புக்காகச் சின்ன டிராக்டரும் மண்ணைக் கிளறும் 4 அடி ரோட்டவேட்டரும் வாங்கினோம். டிராக்டரை நானே ஓட்டுவேன். ரோட்டவேட்டரை மாட்டுவதும் கழற்றுவதும்தான் பெரும்பாடு. ஒரு அங்குலம் தள்ளி நின்றால் பின் நுழையாது, மறுபடி வண்டியை எடுத்துப் பின்னால் வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டால் கடப்பாரையால் நெம்புகிறார்கள். சக்கரம் வைத்த பலகை ஒன்று செய்தால் உதவுமா? எடை சுமார் 270 கிலோ என்று பில்லில் இருக்கிறது.
— வாசகி, குடியாத்தம்

பதில்: உதவும் தங்கச்சி. உங்கள் பிரச்சினைக்கு மருந்தே அதுதான். டிராக்டரை அங்குலம் அங்குலமாக மெஷினுக்குக் கொண்டுபோவதற்குப் பதில், டிராக்டரை ஏறக்குறைய நிறுத்திவிட்டு மெஷினை நகர்த்தி, டிராக்டரின் பின்னால் கீழே நீளும் இரண்டு கைகளுக்கு, அதாவது லோயர் லிங்க்குக்குக் கொண்டுவந்துவிடலாம். சின்ன டிராக்டரில் பெரும்பாலும் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., மேலே இருக்கும் ஒற்றைக் கையான டாப் லிங்க்கின் பின் 19 மி.மீ. அந்த ஓட்டையில் பின்னை நுழைக்கத்தான் இத்தனை பேர் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆனால் முதலில் தரையைச் சொல்லுங்கள். கடிதத்தில் அதை எழுதவில்லை. சாணம் மெழுகிய மண் தரை என்றால், மழைக்குப் பிறகு 270 கிலோவைச் சுமக்கும் சக்கரம் அங்கேயே புதைந்துவிடும். ஷெட் வாசலில் 8 அடிக்கு 6 அடி சிமெண்ட் தளம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சமமாக இருக்கட்டும், சரிவு கூடாது. தளம் போட வழியில்லை என்றால் சக்கரமே வேண்டாம். கல்லுடைக்கிறவர்கள் பாறையை நகர்த்துகிற மாதிரி, பலகைக்கு அடியில் 3, 4 இரும்புக் குழாயை உருளையாகப் போட்டுத் தள்ளுங்கள், பின்னால் வெளிவந்த குழாயை எடுத்து முன்னால் வையுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் போகும்.

தளம் இருந்தால், 3 அங்குலச் சேனலில் ஒரு சட்டம். எடையை நான்கால் வகுத்துச் சக்கரம் வாங்காதீர்கள். எந்தத் தரையும் முழுச் சமம் இல்லை, ஏதோ ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், மீதி மூன்றும் சுமக்கும். ஆகவே மூன்றால் வகுங்கள். 90 கிலோ. சட்டத்தின் எடையையும் சேர்த்து, ஒரு சக்கரம் 150 கிலோ தாங்குவதாகக் கேட்டு வாங்குங்கள்.

2 சக்கரம் நேராக மட்டும் ஓடுவது, 2 திரும்புவது. திரும்புகிற இரண்டிலும் மிதி பிரேக் இருக்க வேண்டும். நான்கும் திரும்புகிற மாதிரி வைத்தால் வசதி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 12 வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, ஊரில் பாதிப் பேர் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருந்த நேரம், பட்டறையில் நான் தனியாள். நாலும் திரும்புகிற சக்கரம் வைத்த சட்டத்தில் ஒருவருடைய ரோட்டவேட்டரை ஏற்றி வாசலுக்குத் தள்ளினேன். என் வாசல் ரோட்டுப் பக்கம் லேசாகச் சரியும், கண்ணுக்குத் தெரியாது. சட்டம் நான் தள்ளிய திசையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. பிடிக்கப் போனேன். அது தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது, போகிற வழியில் என் இடது கால் பெருவிரல் மேல் ஏறி இறங்கியது. நகம் திரும்ப முளைக்க ஏழெட்டு மாதம் ஆனது. தொட்டி இன்னும் ஒழுகுகிறது. நகரும் பாரத்தைப் பிடிக்கப் போகக் கூடாது, விட்டுவிட்டு விலக வேண்டும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

ஏற்றுவதற்கு ஆளே தேவையில்லை. டிராக்டரின் ஹைட்ராலிக்கே தூக்கட்டும். ரோட்டவேட்டரைத் தூக்கியபடி பின்னால் வந்து, முன்கூட்டியே பிரேக் போட்டு வைத்த சட்டத்துக்கு நேர் மேலே நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். மெஷினின் நிறுத்துகால்கள் வந்து உட்காருகிற இடத்தில் சட்டத்தில் சின்னக் கிண்ணம் மாதிரி குழாய்த் துண்டு வைத்துவிட்டால் நழுவாது. பாரம் அந்தக் கால்களிலும் பின்புறச் சட்டத்திலும்தான் உட்கார வேண்டும், கத்திகள் மேல் அல்ல. முழுவதும் இறங்கி உட்கார்ந்து, எஞ்சினை நிறுத்திய பிறகு, டிராக்டரிலிருந்து மெஷினைச் சுற்ற வைக்கும் பி.டி.ஓ. தண்டைக் கழற்றுங்கள், அப்புறம் டாப் லிங்க், கடைசியில் லோயர் லிங்க். மெஷின் அந்தரத்தில் இருக்கும்போது சட்டத்தைச் சரிசெய்யக் கையோ காலோ அடியில் போகக் கூடாது. ஹைட்ராலிக்கை நம்பி அடியில் போகிறவர்களை நான் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை.

வீட்டுக்காரர் அடுத்த முறை வரும்போது கடப்பாரையை எடுத்து ஒளித்து வையுங்கள்.

கேள்வி: பழைய சைக்கிள் சக்கரம் 2 வீட்டில் சும்மா கிடக்கிறது. அதைப் போட்டு வண்டி செய்யலாமா அண்ணா?
— பள்ளி மாணவர், ஆற்காடு

பதில்: செய்யலாம் தம்பி, ஆனால் அச்சின் இரண்டு முனையையும் பிடிக்க வேண்டும். சைக்கிளில் ஃபோர்க் இரண்டு பக்கமும் பிடிக்கிறது இல்லையா? அதே மாதிரி. ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கத்தைத் தொங்கவிட்டால் அச்சு வளைந்துவிடும். சைக்கிள் சக்கரம் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டு இடியைத் தாங்காது. திருப்பத்தில் "டிங்" என்று ஒரு போக்ஸ் கம்பி போகும், பிறகு வரிசையாகப் போகும். உரமூட்டை, புல்லுக்கட்டு என்றால் சைக்கிள் சக்கரம் போதும். இரும்பு என்றால் பழைய டி.வி.எஸ். 50 சக்கரம் தேடு. அதற்கும் இரண்டு பக்கப் பிடிமானம் வேண்டும்.

கேள்வி: போன இதழில் தள்ளுவண்டிக்கு ஜி.ஐ. பைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே வெல்டிங் வைத்தேன். அன்று ராத்திரி குளிர் ஜுரம், உடம்பு வலி. மறுநாள் தானாகச் சரியாகிவிட்டது. வெல்டிங்தான் காரணமா?
— வாசகர், ஆரணி

பதில்: அதுதான் காரணம். தப்பு என்மேல். ஜி.ஐ. பைப் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து இந்த ஜுரம் வரும், ஓரிரு நாளில் விடும். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது பட்டிருப்போம், அதனாலேயே எழுத மறந்துவிட்டேன். ஒட்டு வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் 2 அங்குலத்துக்குப் பூச்சை கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று வையுங்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். பால் நல்லதுதான், ஆனால் புகையை அது தடுக்காது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். பேசாமல் பூச்சு இல்லாத கறுப்புப் பைப்பே வாங்கியிருக்கலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் சும்மா நிற்கும் மெஷினுக்குப் பழைய எஞ்சின் ஆயில் பூசலாமா?
— வாசகர், வாலாஜா

பதில்: கத்திக்கும் தகட்டுக்கும் பூசலாம், பெல்ட்டிலும் ரப்பரிலும் படக் கூடாது. பூசுமுன் கழுவுவீர்கள், அப்போது தண்ணீர்க் குழாயை பேரிங் பக்கம் பீய்ச்சாதீர்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கழுவிய பிறகு பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை கிரீஸ் கன்னால் 2, 3 தடவை அடியுங்கள். ஆயில் சொட்டும் இடத்தில் மாட்டுக்குத் தீவனம் கொட்ட வேண்டாம்.

கேள்வி: நீங்கள் எழுதுகிற வண்டியெல்லாம் எவ்வளவு செலவாகும் என்று சொல்வதே இல்லையே?
— வாசகர், பேரணாம்பட்டு

பதில்: இரும்பு விலை நான் எழுதும்போது ஒன்று, இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது வேறு. அதனால்தான் கிலோவைச் சொல்கிறேன். காட்பாடிக்காரர் வண்டிக்கு ஆங்கிள் 18, அச்சு 3, சக்கரம் இரண்டும் 8, ஆக 29 கிலோ இரும்பு, 4 பேரிங், ஒன்றரை நாள் கூலி. உங்கள் ஊர்க் கடை விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கூலியை மட்டும் பேரம் பேசாதீர்கள்.